நூறு சொற்களும் ஒரு வினாவும்: குறுங்கதைப் போட்டியின் முன்னோடிகள்

வடசென்னையில் மணலியை அடுத்த மாத்தூரில் பல்லாண்டுகளாக வசித்து வருகிறேன். ஒருபுறம் நெருக்கமான குடியிருப்புகள். மறுபுறம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் அதனைச் சூழ்ந்த தொழிற்கூடங்களும். துறைமுகம் நோக்கி இரவும் பகலும் கொள்கலன் லாரிகள் செல்லும் சாலைகள். 2011ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்ட பகுதிகளுள் இதுவும் ஒன்று. இலக்கிய வரலாற்றைத் தேடி இவ்வூருக்கு எவரும் வருவதில்லை. ஆயினும் இக்கட்டுரைக்குரிய வினா இங்குதான் பிறந்தது.

சென்ற ஆண்டு ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் என்னிடம் பயிலும் மாணவர் ஒருவர் இல்லம் தேடி வந்தார். அவருடைய தந்தையார் கொள்கலன் லாரி ஓட்டுநர். வாசகர் வட்டம் ஒன்று அறிவித்திருந்த குறுங்கதைப் போட்டியின் அறிவிப்பை என்னிடம் காட்டினார். நூறு சொற்களுக்கு மிகாமல் ஒரு கதை எழுதி அனுப்பவேண்டும் என்பதே நிபந்தனை. பின்னர்த் தயக்கத்துடன் கேட்டார்: "ஹஜ்ரத், நடக்காத ஒன்றை நடந்ததுபோல் எழுதுவது பொய்யாகிவிடாதா? இந்தப் போட்டியில் நான் கலந்துகொள்ளலாமா?"

இதே வினாவை ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் வேறொரு மாணவர் என்னிடம் கேட்டிருக்கிறார். அன்று நான் நூல் எதனையும் புரட்டிப் பார்க்கவில்லை. "ஓதுகிற பிள்ளைக்கு எதற்கு இந்த வீண்வேலை?" என்று ஒரே வாக்கியத்தில் விடையளித்துவிட்டேன். அந்த மாணவர் அதன்பின் தாம் எழுதியது எதனையும் எனக்குக் காட்டியதில்லை. எழுதுவதையே விட்டுவிட்டார் என்று பிற்காலத்தில் அறிந்தேன். ஆதலால் இம்முறை ஒரு வார காலம் தவணை கேட்டேன். அந்த ஒரு வாரத்தில் தேடித் தொகுத்தவற்றையே வாசகர்கள் முன் வைக்கிறேன்.

சுருக்கம் என்னும் சிறப்பு

நூறு சொற்களுக்குள் கதை என்றவுடன், இது விரைவு மிகுந்த இக்காலத்தின் விளையாட்டு என்றும் மேலைநாட்டு இறக்குமதி என்றும் பலர் எண்ணுவர். போட்டியின் இன்றைய விதிமுறைகள் புதியனவாக இருக்கலாம். சுருங்கச் சொல்லி விளங்கவைத்தலோ அரபு மொழி மிகப் பழங்காலந்தொட்டே போற்றிவந்த பண்பாகும். அணியிலக்கணத்தார் இதனை 'ஈஜாஸ்' என்பர். சில சொற்களில் பெரும்பொருளை அடக்கும் ஆற்றல், அதாவது 'ஜவாமிஉல் கலிம்', நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு அருளப்பெற்ற சிறப்புகளுள் ஒன்று என ஹதீஸ் நூல்கள் குறிப்பிடுகின்றன. திருக்குர்ஆனின் மிகச்சிறிய அத்தியாயமாகிய அல்கவ்ஸர் மூன்றே வசனங்களைக் கொண்டது. ஹிஜ்ரி 5ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மறைந்த ஸஆலிபீ தம் நூல் ஒன்றுக்கு 'அல்இஃஜாஸ் வல்ஈஜாஸ்' என்றே பெயரிட்டார். ஒப்பற்ற தன்மையையும் சுருக்கத்தையும் அவர் ஒரே தலைப்பில் இணைத்தது கருதத்தக்கது.

உரைநடையில் இப்பண்பு 'கபர்' என்னும் சிறு செய்தி வடிவிலும், 'நாதிரா' என்னும் சுவைத்துணுக்கு வடிவிலும் வளர்ந்தது. இவ்வகையில் முதலிடம் பெறத்தக்கவர் பஸராவைச் சேர்ந்த ஜாஹிஸ். கி.பி. 868-869 அளவில் மறைந்த அவருடைய 'கிதாபுல் புகலா', கருமிகளைப் பற்றிய நூலாகும். அதில் இடம்பெறும் செய்தி ஒன்று அரபு கற்போர் பலரும் அறிந்தது. அதன் சாரம் இது:

மர்வ் நகரத்தார் ஒருவர் இராக்கிற்கு வரும்போதெல்லாம் அங்குள்ள ஒருவர் அவருக்கு விருந்தளித்து உபசரித்து வந்தார். 'நீங்கள் மர்வுக்கு வந்தால் இதற்குக் கைம்மாறு செய்வேன்' என்று விருந்தினர் ஒவ்வொரு முறையும் கூறிச் செல்வார். நெடுநாள் கழித்து இராக்கியருக்கு மர்வுக்குச் செல்ல நேர்ந்தது. பயண உடையிலேயே நண்பரைத் தேடிச் சென்று தழுவினார். நண்பரோ அறியாதவர்போல் நின்றார். முகத்திரைதான் காரணம் என்றெண்ணி இராக்கியர் அதனை அகற்றினார். பயனில்லை. தலைப்பாகையை அகற்றினார். அதன் பிறகும் நண்பரிடம் மாற்றமில்லை. தொப்பியையும் கழற்றினார். இனி நடிப்பதற்கு வழியில்லாத நிலையில், உமது தோலையே கழற்றினாலும் உம்மை நான் அடையாளம் காணமாட்டேன் என்று சொல்லிவிட்டார் அந்த மர்வ் நகரத்தார்.

கதை அவ்வளவே. பின்னர் நடந்தது என்ன, அதிலிருந்து நாம் பெறவேண்டிய பாடம் என்ன என்று ஜாஹிஸ் விளக்க முற்படவில்லை. ஒவ்வோர் உறையாக நீங்கும்போது மறைந்திருப்பவர் உடை களைபவர் அல்லர், எதிரே நிற்பவரே என்பது வாசகனுக்குத் தானே புலனாகிறது. இன்றைய குறுங்கதைப் போட்டியின் நடுவர் எதிர்பார்ப்பது இதைவிட வேறன்று.

உகாழ் முதல் நைசாபூர் வரை

போட்டியும் நமக்குப் புதிதன்று. இஸ்லாத்திற்கு முற்பட்ட அரபகத்தில் தாயிஃப் நகரை அடுத்த உகாழ் என்னுமிடத்தில் ஆண்டுதோறும் துல்கஅதா மாதத்தில் சந்தை கூடிற்று. வணிகத்துடன் கவியரங்கமும் அங்கு நிகழ்ந்தது. நாபிகா அத்துப்யானீ என்னும் முதுபெருங்கவிஞருக்குச் செந்நிறத் தோற்கூடாரம் அமைக்கப்படும். கவிஞர்கள் அவர்முன் பாடித் தீர்ப்புப் பெறுவர் என இலக்கிய வரலாற்றாசிரியர்கள் கூறுவர். அவ்வாறு பாடியவர்களுள் பின்னாளில் இஸ்லாத்தைத் தழுவிய கன்ஸா (ரலி), ஹஸ்ஸான் இப்னு ஸாபித் (ரலி) ஆகிய இருவரும் உளர். கன்ஸாவுக்கு அளிக்கப்பட்ட பாராட்டை ஹஸ்ஸான் ஏற்கவில்லை. அப்பொழுது ஹஸ்ஸானின் ஒரு வரியை எடுத்துக்கொண்டு, தம் குலத்தாரின் விருந்துக் கலங்களைக் குறிக்க அவர் ஆண்ட பன்மை வடிவம் சிறிய எண்ணிக்கைக்குரியது என்றும், வாள்களிலிருந்து குருதி 'ஓடுகிறது' என்னாமல் 'சொட்டுகிறது' என்றமை பெருமையைக் குறைத்துவிட்டது என்றும் குற்றம் காட்டினார்களாம். இச்செய்தியின் உண்மையை ஐயுற்றோரும் உண்டு; ஹஸ்ஸானின் சொல்லாட்சியே சரியென வாதிட்ட குதாமா இப்னு ஜஃபர் போன்ற திறனாய்வாளரும் உண்டு. எவ்வாறாயினும், ஒரு சொல்லின் பன்மை விகுதியில் வெற்றியும் தோல்வியும் அடங்கியிருக்கக்கூடும் என்று அச்சமூகம் நம்பியது தெளிவாகிறது. நெடுநாள் மறைந்துபோயிருந்த அச்சந்தையை 2007ஆம் ஆண்டில் சவூதி அரசு தாயிஃபில் இலக்கிய விழாவாக மீண்டும் தொடங்கிற்று.

உரைநடையில் நிகழ்ந்த புகழ்பெற்ற போட்டி நைசாபூருக்குரியது. 'மகாமா' என்னும் சிறுகதை வடிவத்தைத் தோற்றுவித்தவராகக் கருதப்படும் பதீஉஸ்ஸமான் அல்ஹமதானீ, ஹிஜ்ரி 382இல் (கி.பி. 992) அந்நகரை அடைந்தார். அப்போது அவர் இருபத்து நான்கு வயதை ஒட்டிய இளைஞர். முதுமை எய்திய அபூபக்ர் அல்குவாரிஸ்மீ அங்கு இலக்கியத் தலைமை வகித்து வந்தார். நகரப் பெருமக்கள் முன்னிலையில் இருவரும் கவிதை, உரைநடை, மொழியறிவு ஆகியவற்றில் மோதினர். கொடுத்த பொருளில் உடனுக்குடன் எழுதுதல், விதிக்கப்பட்ட கட்டுப்பாட்டுக்குள் எழுதுதல் என்பனவெல்லாம் அதில் அடங்கும். இளைஞர் வென்றார் என்பதே நமக்குக் கிடைக்கும் செய்தி. அதனை விரிவாகப் பதிந்து வைத்தவரும் அவரே என்பதை மறத்தலாகாது. குவாரிஸ்மீ அடுத்த ஆண்டே காலமானார். ஹமதானீயும் நீண்டநாள் வாழவில்லை, கி.பி. 1008இல் ஹிராத் நகரில் நாற்பது வயதளவில் மறைந்தார்.

இன்று எஞ்சியிருப்பது எது? அந்தப் போட்டியில் எவர் எத்தனை சொல்லால் எவரை வீழ்த்தினார் என்பதை ஆய்வாளரன்றி எவரும் படிப்பதில்லை. ஐம்பதுக்குச் சற்று மேற்பட்ட மகாமாக்களே ஹமதானீயை இன்றும் வாழவைக்கின்றன. பரிசு ஒரு வாயிலாக இருக்கலாம், எழுத்தே வீடு.

பக்தாதில் தோற்றவர்

தர்ஸ் நிஜாமி வழியில் பயின்ற ஆலிம்கள் அனைவரும் 'மகாமாத்துல் ஹரீரி'யை அறிவர். சொல்வளத்திற்காக அதனை மனனம் செய்திருக்கிறோம். அதன் ஆசிரியர் ஒரு போட்டியில் படுதோல்வி அடைந்தவர் என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

அபூ முஹம்மது அல்காசிம் அல்ஹரீரி (கி.பி. 1054-1122) பஸராவில் 'ஸாஹிபுல் கபர்' என்னும் பதவி வகித்தவர். ஊர் நிகழ்ச்சிகளைத் தலைநகருக்கு அறிவிக்கும் அதிகாரி அவர். மெய்ச்செய்தி அனுப்புவதே அவருடைய அலுவல். அத்தகையவர் பனூ ஹராம் பள்ளிவாசலில் நாவன்மை மிக்க ஓர் இரவலரைக் கண்டதாகவும், அதன் தூண்டுதலால் முதல் மகாமாவை எழுதியதாகவும் வரலாறு கூறுகிறது. ஸரூஜ் நகரத்து அபூஸைத் என்னும் புனைவு மாந்தர் இவ்வாறு பிறந்தார். நாற்பது மகாமாக்கள் எழுதியபின் ஹரீரி பக்தாதுக்குச் சென்றார். பொறாமை கொண்டோர், இவை இவர் எழுதியனவல்ல. எங்கோ இறந்துபட்ட மேலைத்தேயத்தார் ஒருவரின் ஏடுகளைத் தமதாக்கிக்கொண்டார் என்று குற்றஞ்சாட்டினர். அமைச்சர் அவரை அவைக்கு அழைத்து, ஒரு பொருளைக் கொடுத்து, அங்கேயே எழுதிக் காட்டுமாறு பணித்தார்.

ஹரீரி மையும் தாளும் பெற்று ஒரு மூலையில் அமர்ந்தார். நேரம் கடந்தது. ஒரு சொல்லும் எழவில்லை. நாணித் தலைகுனிந்து வெளியேறினார். சிந்தனையில் ஆழும்போது தாடிமயிரைப் பிடுங்கும் பழக்கம் அவருக்கு உண்டு. அதனைச் சுட்டி ஏளனக் கவிதையும் பாடப்பட்டது. பஸராவுக்குத் திரும்பிய ஹரீரி வாதப்பிரதிவாதத்தில் இறங்கவில்லை. மேலும் பத்து மகாமாக்களை எழுதி அனுப்பினார். அவையின் மிரட்சியே அன்று தம் நாவைக் கட்டியது என்றும் தெரிவித்தார். ஐம்பது என்னும் எண்ணிக்கை இவ்வாறு நிறைவுற்றது என இப்னு கல்லிகான் போன்றோர் எழுதிய வாழ்க்கை வரலாறுகளிலிருந்து அறிகிறோம். அந்நூலின் எழுநூறு படிகளுக்குத் தம் கையால் அனுமதி எழுதித் தந்ததாக ஹரீரி கூறியதாக யாகூத் பதிந்துள்ளார். அச்சுப்பொறி இல்லாத காலத்தில், ஆசிரியர் உயிருடன் இருக்கையிலேயே இத்தனை படிகள் என்பது வியப்புக்குரியது.

பொய்யா, புனைவா?

இனி மாணவர் கேட்ட வினாவுக்கு வருவோம். அவருக்கு ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்பே இவ்வினா எழுந்துவிட்டது.

ஹரீரி தம் முன்னுரையிலேயே இதனை எதிர்கொண்டார். விலங்குகளும் உயிரற்ற பொருள்களும் பேசுவதாக அமைந்த நீதிக்கதைகளை அறிஞர் எவரும் பழித்ததில்லை; செயல்கள் எண்ணத்தைப் பொறுத்தே அமைகின்றன; ஏமாற்றுதற்கன்றி விழிப்பூட்டுதற்கு எழுதுவோன்மீது குற்றமில்லை என்பது அவர் வாதம். இப்னுல் முகஃப்பஃ அரபியில் தந்த 'கலீலா வ திம்னா' நம் பஞ்சதந்திரத்திலிருந்து வந்தது என்பதை இங்கு நினைவுகூரலாம். நரியும் காளையும் உரையாடும் அந்நூலைக் கலீபாக்களின் அவையும் அறிஞர் குழாமும் விரும்பிப் படித்தன.

ஆயினும் பக்தாதின் இலக்கண அறிஞர் இப்னுல் கஷ்ஷாப் (மறைவு கி.பி. 1172) இவ்விடையில் நிறைவடையவில்லை. அவருடைய எதிர்வாதம் கூர்மையானது. விலங்கு பேசாது என்பதை எவரும் அறிவர். ஆகவே அக்கதையால் எவரும் ஏமாறுவதில்லை. அபூஸைத் போன்ற மனிதர் ஒருவர் உலகில் இருக்கக்கூடும். அவர் செய்தனவாகக் கூறுபவை நடந்திருக்கவும் கூடும். அவ்வாறிருக்க, நடக்கக்கூடிய ஒன்றை நடந்ததாகக் கூறுவது பொய்யன்றி வேறென்ன? இதற்கு எகிப்தின் இப்னு பர்ரீ (மறைவு கி.பி. 1187) மறுப்பெழுதி ஹரீரியின் பக்கம் நின்றார்.

இவ்விருவரின் வாதங்களையும் படித்தபோது எனக்கு ஓர் உண்மை புலப்பட்டது. இப்னுல் கஷ்ஷாப் அஞ்சியது கதையைக் கண்டன்று. கதை செய்தியின் உடையை அணிந்துகொள்வதைக் கண்டே அஞ்சினார். அவ்வச்சத்திற்குக் காரணம் இருந்தது. பள்ளிவாசல்களில் கதை சொல்லி மக்களைக் கவர்ந்த 'குஸ்ஸாஸ்' என்னும் சொற்பொழிவாளருள் சிலர், தம் கற்பனைகளை நபிமொழி என்று கூறவும் தயங்கவில்லை. இமாம் இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) (மறைவு கி.பி. 1201) அவர்களைக் குறித்துத் தனி நூலே இயற்றினார், இட்டுக்கட்டப்பட்ட ஹதீஸ்களையும் தொகுத்து அடையாளம் காட்டினார். அதே இமாம்தான் அறிவாளிகளைப் பற்றி ஒரு நூலும், மூடர்களைப் பற்றி ஒரு நூலும் எழுதி, நூற்றுக்கணக்கான நகைச்சுவைத் துணுக்குகளை அவற்றில் நிரப்பினார். பொய்யான ஹதீஸைக் கடிந்த அந்தக் கரம் சிரிக்கவைக்கும் சிறுகதையைக் கடியவில்லை. கதையைக் கதையென்று அறிவித்தபின் அது எவரையும் ஏமாற்றுவதில்லை. குறுங்கதைப் போட்டியின் அறிவிப்பிலேயே 'கதை' என்னும் சொல் இருக்கிறது. எழுதுவோனும் படிப்போனும் நடுவரும் அதனை அறிவர். ஹரீரிக்குக் கிடைக்காத இந்தப் பாதுகாப்பு இன்றைய மாணவருக்குக் கிடைத்திருக்கிறது.

தமிழ் மண்ணில்

தமிழ் முஸ்லிம்களின் இலக்கிய மரபும் கட்டுப்பாட்டுக்குள் சொல்லும் கலையை அறியாததன்று. 1572ஆம் ஆண்டைச் சேர்ந்த வண்ணப்பரிமளப் புலவரின் 'ஆயிரம் மசலா' வினாவும் விடையுமாக அமைந்தது. கிஸ்ஸா, நாமா, முனாஜாத்து எனப் பிற வடிவங்களும் பெருகின. கண்டியைச் சேர்ந்த அறிஞர் சித்தி லெப்பை 1885ஆம் ஆண்டில் 'அஸன்பே சரித்திரம்' என்னும் நாவலை வெளியிட்டார். 'பிரதாப முதலியார் சரித்திரம்' நூலாக வந்து ஆறே ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. கல்விக்கூடங்கள் நிறுவிய சீர்திருத்தவாதி ஒருவர் புனைகதையைத் தம் பணிக்கு மாறானதாகக் கருதவில்லை என்பது நோக்கத்தக்கது.

போட்டியும் சோதனையும் என்று எண்ணும்போது சதாவதானி செய்குத்தம்பிப் பாவலரை (1874-1950) விடுதல் இயலாது. நாகர்கோவில் இடலாக்குடியில் பிறந்த அவர், 1907ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு செயல்களில் ஒருங்கே கவனம் செலுத்தும் சதாவதானத்தை நிகழ்த்தினார். முஸ்லிமைக் குறிக்கும் 'துருக்கன்' என்னும் சொல் வரும்படி ஈற்றடி ஒன்றைக் கொடுத்து, இராமாயணப் பொருளில் பாடவேண்டும் என்று ஒருவர் அவரைச் சிக்கவைக்க முயன்றார் என்பர். பாவலரோ இராமனின் தம்பியரை வரிசையாகப் பாடிவந்து, 'சத்துருக்கன்' என்னும் பெயரின் பின்பாதியாக அச்சொல்லை அமைத்து விடுவித்தார். கொடுக்கப்பட்ட கட்டுப்பாடு சிறையாகவும் அமையலாம். புலவனுக்கு அதுவே திறவுகோலாகவும் அமையலாம்.

உரைநடையில் இச்சுருக்கத்தைப் பெருந்திரளான தமிழ் வாசகரிடம் கொண்டு சேர்த்தவை வார இதழ்களே. 1947இல் தொடங்கப்பெற்ற 'குமுதம்' ஒரு பக்கக் கதையைத் தன் அடையாளங்களுள் ஒன்றாக்கிற்று. கல்லூரி மாணவரும் அலுவலகப் பணியாளரும் இல்லத்தரசியரும் ஒரு தாளில் எழுதி அஞ்சலில் அனுப்பி, தம் பெயர் அச்சேறுவதற்குக் காத்திருந்த காலம் அது. எழுத்தாளர் சுஜாதா (1935-2008) ஐம்பத்தைந்து சொற்களில் கதை எழுதும் முறையைத் தமிழ் வாசகருக்கு அறிமுகப்படுத்தினார்.

இன்றைய வடிவமும் ஒரு கட்டுக்கதையும்

ஐம்பத்தைந்து என்னும் இவ்வெண்ணின் மூலம் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ளது. ஸான் லூயிஸ் ஒபிஸ்போ என்னும் ஊரின் 'நியூ டைம்ஸ்' வார ஏட்டை நடத்திய ஸ்டீவ் மாஸ், 1987இல் ஐம்பத்தைந்து சொற்களுக்கு மிகாத கதைகளுக்கான போட்டியை அறிவித்தார். அது பிற நாடுகளுக்கும் பரவி, தொகுப்பு நூல்களாகவும் வெளிவந்தது.

இத்தகைய போட்டிகளைப் பற்றிப் பேசும் எவரும் தவறாது கூறும் செய்தி ஒன்றுண்டு: எர்னஸ்ட் ஹெமிங்வே நண்பர்களுடன் பந்தயம் கட்டி, ஆறே சொற்களில் ஒரு கதை எழுதி வென்றார் என்பது. ஹதீஸ் கலை பயின்றோர் இதன் 'இஸ்நாத்' எங்கே என்று கேட்காமல் இருக்கமுடியாது. ஹெமிங்வே மறைந்தது 1961இல். இதனை அவர் எழுதினார் என்று அச்சில் காணப்படுவது 1990களில்தான். அவர் வாழ்நாளில் இதற்குச் சான்றில்லை. மாறாக, அதே கருத்தமைந்த சிறு விளம்பரங்களும் குறிப்புகளும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அமெரிக்க ஏடுகளில் வந்துள்ளன. அறிவிப்பாளர் தொடர் நடுவில் அறுபட்ட இத்தகைய செய்தியை நம் முன்னோர் 'முன்கதிஃ' என்று ஒதுக்கியிருப்பர். கதை அழகியது, கதையைப் பற்றிய செய்திதான் மெய்யன்று. இப்னுல் கஷ்ஷாப் அஞ்சியது இதைத்தான்.

அரபு நாடுகளில் இவ்வடிவம் இன்று 'அல்கிஸ்ஸத்துல் கஸீரா ஜித்தன்', அதாவது மிகச் சிறிய கதை, என்னும் பெயரில் வேரூன்றியுள்ளது. சிரியாவின் ஸகரிய்யா தாமிர் 1931இல் திமிஷ்கில் பிறந்து, பதின்மூன்று வயதிலேயே பள்ளியை விட்டுக் கொல்லுப்பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தவர். 2002இல் வெளிவந்த 'தக்ஸீரு ருகப்' அவருடைய மிகச்சிறு கதைகளின் தொகுப்பு. எகிப்தின் நஜீப் மஹ்ஃபூழ், தம் நாவல் ஒன்றைச் சமய நிந்தனை எனக் கருதியோரின் தூண்டுதலால் 1994இல் கத்திக்குத்துக்கு ஆளானார். எழுதும் கை சேதமுற்றது. பெருநாவல்களைப் படைத்த அம்முதியவர், அதன்பின் தம் கனவுகளைச் சில வரிகளே கொண்ட சித்திரங்களாக எழுதினார். அவருக்குச் சொல் எல்லையை வகுத்தது எந்தப் போட்டியுமன்று, காயமே வகுத்தது.

நம் துணைக்கண்டத்தில் ஸஆதத் ஹஸன் மண்டோ 1948இல் வெளியிட்ட 'ஸியாஹ் ஹாஷியே' என்னும் உருதுத் தொகுப்பையும் கூறவேண்டும். நாட்டுப் பிரிவினையின் கொலைவெறியைப் பற்றிய அதன் துணுக்குகளுள் சில இரண்டு மூன்று வரிகளே உடையன. நீண்ட புலம்பலால் சொல்ல இயலாததை அவர் சுருக்கத்தால் சொன்னார். வரலாற்றாசிரியர்கள் எழுதிய தொகுதிகளுக்கு இடையே அவ்வரிகள் இன்றும் நிற்கின்றன. புனைவு மெய்ம்மைக்குச் செய்யும் தொண்டு இது.

மாணவருக்கு அளித்த விடை

ஒரு வாரம் கழித்து மாணவர் வந்தபோது மூன்று செய்திகளைக் கூறினேன். கதையைக் கதையென்றே அனுப்புங்கள். நபிமார்கள், ஸஹாபாக்கள், இறைநேசர்கள் ஆகியோரின் பெயரில் கற்பனையை ஏற்றாதீர்கள். உயிருடன் இருக்கும் எவர்மீதும் நடவாத ஒன்றைச் சுமத்தாதீர்கள். இவ்வெல்லைக்குள் நீங்கள் ஹரீரியின் வழியில் நிற்கிறீர்கள் என்பது முதலாவது. பரிசு கிடைத்தால் மகிழுங்கள்; கிடைக்காவிட்டால் பக்தாதின் மூலையில் வெற்றுத்தாளுடன் அமர்ந்திருந்தவரை நினைத்துக்கொண்டு வீடு திரும்பி அடுத்ததை எழுதுங்கள் என்பது இரண்டாவது. உகாழின் நடுவரைப்போல் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பாருங்கள் என்பது மூன்றாவது.

அவர் சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்தார். கதையை முன்னரே எழுதி வைத்திருந்தார். விடைக்காக மட்டுமே காத்திருந்திருக்கிறார். துறைமுகத்திற்குச் செல்லும் கொள்கலன் லாரிகளின் நீண்ட வரிசையில் நோன்பாளியான ஓட்டுநர் ஒருவர் சிக்கியிருக்கிறார். மஃரிப் நேரம் நெருங்குகிறது. அவரிடம் தண்ணீர் இல்லை. முன்னால் நிற்கும் லாரியின் ஓட்டுநர், மொழி தெரியாத வடநாட்டவர், இறங்கி வந்து தம் குப்பியை நீட்டுகிறார். நூற்று நாற்பத்திரண்டு சொற்கள் இருந்தன. எண்ணூரும் மணலியும் அறிந்த எவரும் அந்த வரிசையை அறிவர்.

இருவரும் திண்ணையில் அமர்ந்து சொற்களைக் குறைத்தோம். 'மிகுந்த தாகத்துடன்' என்பதில் 'மிகுந்த' போயிற்று. பின்னர் அந்தத் தொடரே போயிற்று. நோன்பாளி என்று சொன்னபின் தாகத்தைச் சொல்லவேண்டியதில்லை. இறுதியில், மனிதநேயம் மதங்களைக் கடந்தது என்பதுபோல் இரண்டு வரிகள் இருந்தன. நான் சொற்பொழிவாளன், என் பழக்கத்தால் அவ்வரிகளை முதலில் விரும்பினேன். பிறகு மர்வ் நகரத்துக் கருமியின் கதையை ஜாஹிஸ் எவ்விடத்தில் நிறுத்தினார் என்பது நினைவுக்கு வந்தது. அவ்வரிகளையும் நீக்கினோம். குப்பி நீளும் இடத்திலேயே கதை நின்றது. எண்ணிப் பார்த்தபோது தொண்ணூற்றேழு சொற்கள்.

அக்கதைக்குப் பரிசு கிடைக்கவில்லை. மாணவர் அதனைச் சிரித்துக்கொண்டே கூறினார். கையில் வேறொரு தாள் இருந்தது.

இருபது ஆண்டுகளுக்கு முன் என்னிடம் கேட்ட மற்றவர் இப்போது தென்மாவட்டம் ஒன்றில் இமாமாகப் பணியாற்றுகிறார். இக்கட்டுரையின் படி ஒன்றை அவருக்கும் அனுப்புகிறேன். அன்று ஒரே வாக்கியத்தில் நான் சொன்ன விடை சுருக்கமானது. ஆனால் சரியானதன்று என்பதை அவருக்கு அறிவிக்கவேண்டிய கடமை எனக்குண்டு.